நாலு சிலிண்டரும் பான் மசாலாவும் ஒண்ணா?



இந்தப் பக்கத்துல வழக்கமா சொர்ணவாரி, சம்பா, நவரை, ஏரி மதகு, தர்பூஸ் விலைன்னுதான் எழுதுவேன். இன்னைக்குக் காரைப் பத்தி எழுதறேன். விவசாயிக்கு எதுக்குய்யா கார்ப் பேச்சுன்னு கேக்கறவங்க திருக்கழுக்குன்றத்துலேர்ந்து கல்பாக்கம் வரைக்கும் ஒரு தடவை வந்து பாருங்க. தெருவுக்கு ரெண்டு மூணு சின்ன எஸ்.யூ.வி. நிக்குது. பாதிப் பேர் ஏழு வருஷக் கடன்ல வாங்கினவங்க. வருஷக் கணக்குல கட்டப் போற பணத்துக்கு என்ன வாங்கினோம்னு அவங்கள்ல பல பேருக்குத் தெரியல. தெரியாம வெச்சிருக்கறதுல கம்பெனிக்கும் லாபம், சர்க்காருக்கும் லாபம். அதனாலதான் எழுதறேன்.

என் கட்சி இதுதான். கிராமத்துக் குடும்பத்துக்கு கார் பதினஞ்சு இருபது வருஷம் உழைக்கிற சாமான். அதுக்குப் பொருத்தமானது அவசரப்படாம ஓடற நாலு சிலிண்டர் இன்ஜின் போட்ட, உயரமான, சின்ன வண்டி. அப்படிப்பட்ட வண்டியை இந்த நாட்டு வரிச் சட்டம் ஆடம்பரச் சாமான்னு ஒதுக்கி வெச்சிருக்கு. இது அநியாயம்.

முதல்ல நம்ம உபயோகம் என்னன்னு பாத்துடலாம். டவுன்காரருக்குக் கார்னா ஆபீஸ் போறது, மால் போறது. நமக்கு அப்படியா? காலைல சொசைட்டியில 45 கிலோ யூரியா மூட்டை நாலு ஏத்தணும். மத்தியானம் செங்கல்பட்டு தாலுகா ஆபீஸ். சாயந்திரம் புள்ளைங்களை ட்யூஷன்லேர்ந்து கூட்டிட்டு வரணும். முகூர்த்த நாள்னா அஞ்சு பேர் உக்கார்ற வண்டியில ஏழு பேர். ராத்திரி ரெண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு நெஞ்சு வலின்னா, 108 வர்றதுக்குள்ள செங்கல்பட்டு ஜி.எச்.சுக்குக் கிளம்பறது யார் வண்டி? தெருவுல எவன் வண்டி சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆகுதோ அவன் வண்டி. நான் எழுதற "ஆயுள்" அதுதான். எண்பதாயிரம் கிலோமீட்டர்ல வண்டி மாத்தறவனுக்கு இந்தக் கவலை கிடையாது.

உயரம் எதுக்குன்னா, எங்க பக்கத்து ரோட்டைக் கேளுங்க. ஐப்பசி, கார்த்திகையில ஏரி கலங்கல் போனா ரோட்டு மேலேயே தண்ணி ஓடும். 2015 டிசம்பர், 2016 வர்தா, 2023 மிக்ஜாம், எல்லாத்துலயும் தாழ்வான கார்கள் வீட்டை விட்டே கிளம்பல. அதனால எஸ்.யூ.வி. பந்தான்னு சொல்றவன் எங்க ஊர் மழைக்காலத்தைப் பாக்காதவன்.

இப்ப சிலிண்டர் கதைக்கு வருவோம்.

ஷோரூம்ல போய் நின்னா என்ன காட்டறாங்க? பெரிய டச் ஸ்கிரீன், மேல திறக்கற கண்ணாடி, கலர் கலரா லைட்டு. மறைமலை நகர் பக்கம் ஒரு ஷோரூம்ல, சொந்தக்காரப் பையனுக்கு வண்டி பாக்கப் போனப்ப அங்க இருந்த தம்பியைக் கேட்டேன். "தம்பி, இது எத்தனை சிலிண்டர்?" "டர்போ சார், செம பிக்கப்." "அதில்லப்பா, சிலிண்டர் எத்தனை?" "ஒன் லிட்டர் சார், ஆனா டூ லிட்டர் மாதிரி போகும் சார்." மூணாவது தடவை கேட்டப்பதான் உள்ள போய் விசாரிச்சுட்டு வந்து மூணுன்னாரு. தம்பியைக் குறை சொல்லல. அவருக்குச் சொல்லிக் குடுத்தது அவ்வளவுதான். ஆனா நம்ம அப்பன் பாட்டன் மாடு வாங்கப் போனா பல்லைப் புடிச்சுப் பாப்பான், சுழி பாப்பான், நடக்க விட்டுப் பாப்பான். கொம்புக்கு அடிச்ச பெயின்ட்டைப் பாத்து எவனும் மாடு வாங்கினதில்ல.

சிலிண்டர்னா என்ன வித்தியாசம்னு எளிமையா சொல்றேன். பிஸ்டன் ஒண்ணு நாலு தடவை மேல கீழ போய் வந்தா, அதுல ஒரு தடவைதான் வேலை செய்யும். அதாவது இன்ஜின் ரெண்டு சுத்து சுத்தினா ஒரு பிஸ்டன் ஒரே ஒரு அடி அடிக்கும். நாலு பிஸ்டன் இருந்தா அரைச் சுத்துக்கு ஒரு அடி. மூணு இருந்தா சுத்துல மூணுல ரெண்டு பங்கு போனாதான் அடுத்த அடி. உரல்ல நாலு பேர் மாத்தி மாத்தி உலக்கை போடறதுக்கும் மூணு பேர் போடறதுக்கும் உள்ள வித்தியாசம். மூணு பேர் போட்டா ஒவ்வொருத்தரும் இன்னும் ஓங்கிக் குத்தணும், நடுவுல இடைவெளியும் வரும். அந்த இடைவெளிதான் ஸ்டியரிங்லயும் சீட்லயும் தெரியற உதறல். அதோட மூணு சிலிண்டர் இன்ஜின் முன்னுக்கும் பின்னுக்கும் ஊஞ்சல் மாதிரி ஆடப் பாக்கும். அதை அடக்க பேலன்ஸ் ஷாஃப்ட்டோ நல்ல இன்ஜின் மவுன்ட்டோ வேணும். மவுன்ட் ரப்பர் சாமான், வருஷம் ஆக ஆகத் தேயும். புதுசுல தெரியாத உதறல் ஏழாவது வருஷம் தெரியும். நாலு சிலிண்டருக்கும் அதிர்வு உண்டு, ஆனா ஒண்ணேகால், ஒண்ணரை லிட்டர் அளவுல அது ரொம்பக் குறைச்சல்.

இந்த இடத்துல ஒரு மச்சான் எழுந்து நின்னு கேப்பாரு. "மாருதி 800 மூணு சிலிண்டர்தானே? முப்பது வருஷம் ஓடலையா? உன் ஊர்ல ஓடற மாஸி டிராக்டர் மூணு சிலிண்டர்தானே?"

நியாயமான கேள்வி. மூணு சிலிண்டர்னாலே மட்டம்னு பேசறவங்க கூட நான் சேர மாட்டேன். உராய்வு கம்மி, பாகம் கம்மி, எடை கம்மி, மைலேஜும் நல்லா வரும். ஆனா கணக்கைப் பாருங்க. மாஸி 241 டிராக்டர்ல 2,500 சி.சி. இன்ஜின், 42 குதிரைத் திறன். லிட்டருக்கு 17 குதிரை. மாருதி 800ல 796 சி.சி., 37 குதிரை சொச்சம். லிட்டருக்கு 47. இன்னைக்கு விக்கற ஒரு லிட்டர் டர்போ எஸ்.யூ.வி.யில 998 சி.சி.க்கு 120 குதிரை வாங்கறாங்க. லிட்டருக்கு 120! அதே பிரெஸ்ஸாவுல இருக்கற 1,462 சி.சி. நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் 103 குதிரைதான் குடுக்குது. லிட்டருக்கு 70.

ஒரே மாட்டை வெச்சு ஒரு ஏக்கர் உழறதும், அதே மாட்டைச் சாட்டையால அடிச்சு ரெண்டு ஏக்கர் உழறதும் ஒண்ணா? ரெண்டாவது மாடும் உழும். நல்ல தீனி, நேரத்துக்குத் தண்ணி, வைத்தியம் எல்லாம் தவறாம இருந்தா கொஞ்ச வருஷம் நல்லாவே உழும். ஒரு வேளை தவறினா படுத்துடும். டர்போ இன்ஜினும் அப்படித்தான். கம்பெனி சொன்ன ஆயிலை, சொன்ன நேரத்துல மாத்தி, சூடா ஓடி வந்ததும் டக்குனு அணைக்காம ஒரு நிமிஷம் விட்டு அணைச்சா ஓடும். நம்ம ஊர்ல அறுவடை சமயத்துல ஆயில் மாத்தறது ரெண்டு மாசம் தள்ளிப் போகும். அதைப் பொறுத்துக்கிற இன்ஜின் எதுன்னா, மேல ஏறி உக்காந்து விரட்டாத இன்ஜின். ஆகவே சிலிண்டர் எண்ணிக்கை மட்டும் கணக்கில்ல, ஒரு லிட்டர் மேல எவ்வளவு பாரம் ஏத்தறோம்ங்கறதும் கணக்கு. சி.சி.யைக் குறைச்சாதான் வரி குறையும்னு சட்டம் சொன்னா, கம்பெனி என்ன பண்ணும்? ஒரு சிலிண்டரைக் கழட்டும், டர்போவை மாட்டும்.

அந்தச் சட்டம் எங்கேர்ந்து வந்தது? 2006 பிப்ரவரி பட்ஜெட். நிதி அமைச்சர் நம்ம ப.சிதம்பரம். சின்னக் காருக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்துலேர்ந்து 16 ஆச்சு. சின்னக் கார்னா என்ன? நீளம் 4 மீட்டருக்குள்ள. பெட்ரோல்னா 1,200 சி.சி.க்குள்ள, டீசல்னா 1,500 சி.சி.க்குள்ள. ஏழை பாழை காரு வாங்கட்டும்னு நல்ல எண்ணத்துலதான் போட்டிருப்பாங்க. ஆனா இருபது வருஷம் ஆகியும் அந்தக் கோட்டை யாரும் அசைக்கல. உற்பத்தி வரி போய் ஜி.எஸ்.டி. வந்தது 2017ல. அதே கோடு. 2025 செப்டம்பர் 22லேர்ந்து ஜி.எஸ்.டி.யை மாத்தினாங்க. அப்பவும் அதே கோடு.

இந்தக் கோடு வண்டியை என்ன பண்ணுச்சுங்கறதுக்கு பொலிரோவைப் பாருங்க. கிராமத்து வண்டின்னாலே பொலிரோதான். முதல்ல இரண்டரை லிட்டர், நாலு சிலிண்டர் டீசல். சத்தம் போடும், மைலேஜ் சுமார், ஆனா சாகாது. 2016ல பொலிரோ பவர் பிளஸ்னு வந்தது. நீளத்தை 4 மீட்டருக்குள்ள வெட்டினாங்க, இன்ஜின் 1,493 சி.சி. மூணு சிலிண்டர் ஆச்சு. அந்த வண்டி மோசம்னு நான் சொல்லல, இன்னைக்கும் ஓடுது. ஆனா அதோட பம்பரோட நீளத்தையும் சிலிண்டர் எண்ணிக்கையையும் முடிவு பண்ணது வரி அட்டவணைன்னு தெரிஞ்சுக்கங்க. விவசாயியைக் கேட்டு யாரும் முடிவு பண்ணல.

இப்ப இன்னைக்கு நிலைமை. 4 மீட்டருக்குள்ள, 1,200 சி.சி.க்குள்ள இருந்தா பெட்ரோல் வண்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தாண்டினா 40 சதவீதம். பிரெஸ்ஸா 4 மீட்டருக்குள்ளதான் இருக்கு. ஆனா இன்ஜின் 1,462 சி.சி. பெட்ரோல், கோட்டைத் தாண்டி 262 சி.சி. அதனால 40 சதவீதம். அந்த 40 சதவீதத்துல கூட யார் யார் இருக்காங்க தெரியுமா? பான் மசாலா. கலர் சோடா. சூதாட்ட விடுதி. கோடி ரூபா வெளிநாட்டுக் கார். யூரியா மூட்டை ஏத்திட்டுப் போற நாலு சிலிண்டர் வண்டியும் பான் மசாலாவும் சர்க்கார் கண்ணுக்கு ஒரே பாவம். டிராக்டருக்கு 5 சதவீதம்னு குறைச்சாங்க, அதுக்கு நன்றி சொல்றேன். ஆனா டிராக்டர்ல யாரும் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போறதில்ல.

ரூபாயில பாருங்க. வரி இல்லாம ஏழு லட்சம் ரூபா வண்டின்னு வெச்சுக்குங்க. 18 சதவீதம்னா வரி 1,26,000. 40 சதவீதம்னா 2,80,000. வித்தியாசம் 1,54,000. இந்த 2025-26 பருவத்துல கொள்முதல் நிலையத்துல பொது ரக நெல் குவிண்டால் 2,500 ரூபா. 40 கிலோ மூட்டை ஆயிரம் ரூபா. அப்ப அந்த வித்தியாசம் 154 மூட்டை நெல். என் ரெண்டரை ஏக்கர்ல ஒரு போகம் நல்லா விளைஞ்சாதான் அவ்வளவு வரும், அதுவும் உழவுக்கூலி, நடவுக்கூலி, உரம், அறுப்பு மிஷின் வாடகை எதையும் கழிக்காம. உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குகூட மிஞ்சாதுன்னு சொல்வாங்க. மிஞ்சற உழக்கையும் 262 சி.சி.க்காகப் புடுங்கிட்டுப் போனா எப்படி?

இது டெல்லி கணக்கு. நம்ம மாநிலக் கணக்கு தனி. 2023 நவம்பர்ல தமிழ்நாட்டுல ஆயுள் வரியை ஏத்தினாங்க. புதுக் கார் விலை 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைன்னா 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரைன்னா 18 சதவீதம். 9,90,000 ரூபா வண்டிக்கு ஆயுள் வரி 1,28,700. 10,10,000 ரூபா வண்டிக்கு 1,81,800. இருபதாயிரம் கூடுதல் விலைக்கு ஐம்பத்து மூவாயிரம் கூடுதல் வரி. நல்ல இன்ஜின் போட்ட வண்டிக்கு மேல வரி கட்டி விலை ஏறுது, ஏறின விலைக்கு இன்னொரு வரி. ஏரிக்கரையில மடையும் போயி மதகும் போன கதை.

"டீசல் வாங்க வேண்டியதுதானே, அது 1,500 சி.சி. வரைக்கும் 18 சதவீதம்தானே"ன்னு கேக்கலாம். ஆமாம். நெக்ஸான், வென்யூ, சோனெட், எக்ஸ்.யூ.வி. 3எக்ஸ்.ஓ., இதுல எல்லாம் ஒண்ணரை லிட்டர் டீசல் நாலு சிலிண்டர்தான். இழுவையில இதை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஆனா டீசல் விலையும் பெட்ரோல் வண்டியை விட லட்சக் கணக்குல கூட. 2020 ஏப்ரல் 1லேர்ந்து பி.எஸ்.6 விதி வந்தப்புறம் புகைக் குழாய்ல டி.பி.எஃப்.னு ஒரு கரி வடிகட்டி வெச்சிருக்காங்க. அது தானா சுத்தம் ஆகணும்னா வண்டி கொஞ்ச நேரம் நிக்காம, நல்ல சூட்டுல ஓடணும். நம்ம ஓட்டம் எப்படி? ஊர்லேர்ந்து திருக்கழுக்குன்றம் ஆறு கிலோமீட்டர், திரும்பி ஆறு கிலோமீட்டர். இன்ஜின் சூடாகறதுக்குள்ள வீடு வந்துடும். வடிகட்டி அடைச்சுக்கும், லைட் எரியும். டீசல் வெச்சிருக்கறவங்களுக்குச் சொல்றேன்: வாரத்துல ஒரு நாள் ஈ.சி.ஆர்.ல பூஞ்சேரியில ஏறி கூவத்தூர், கடப்பாக்கம் வரைக்கும் ஒரே கியர்ல நிதானமா ஒரு அரை மணி நேரம் ஓட்டிட்டு வாங்க. மெக்கானிக் செலவு மிச்சம். புகை குறையணும்னு போட்ட விதியை நான் எதிர்க்கல. நம்ம புள்ளைங்கதான் அந்தக் காத்தைச் சுவாசிக்குது. ஆனா அந்த விதியால சின்ன டீசல் இன்ஜின்களைக் கம்பெனிங்க அப்படியே நிறுத்திட்டாங்க. ஸ்விஃப்ட்லேர்ந்து பிரெஸ்ஸா வரைக்கும் ஓடின 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல், நாலு சிலிண்டர், லட்சக் கணக்கான வண்டியில இருந்த இன்ஜின், 2020ல போச்சு. ஒரகடத்துல செஞ்ச டஸ்டர்ல இருந்த ஒண்ணரை லிட்டர் டீசலும் அந்த வருஷமே போச்சு.

எங்க மாவட்டத்துல செஞ்ச வண்டியைப் பத்திப் பேசாம இதை முடிக்க முடியாது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில 2013லேர்ந்து ஈகோஸ்போர்ட் செஞ்சாங்க. ஜி.எஸ்.டி. ரோட்டுல போறவங்க எல்லாம் அந்த ஆலை வாசல்ல ஷிஃப்ட் முடிஞ்சு நீலச் சட்டையில வெளிய வர்ற பசங்களைப் பாத்திருப்பீங்க. அந்த வண்டியில ஒண்ணரை லிட்டர் டீசல், நாலு சிலிண்டர். இன்னைக்கும் எங்க பக்கத்துல ஓடிக்கிட்டு இருக்கு. இங்கேர்ந்து அமெரிக்காவுக்கே கப்பல் ஏறிப் போச்சு. 2021 செப்டம்பர் 9ஆம் தேதி, இந்தியாவுல உற்பத்தியை நிறுத்தறோம்னு கம்பெனி அறிவிச்சது. 2022 ஜூலையில கடைசி வண்டி வெளிய வந்தது. நாலாயிரம் பேர் வேலை போச்சு. இப்ப மறுபடியும் அதே ஆலையில இன்ஜின் செய்யப் போறதா 2025 அக்டோபர்ல அரசாங்கத்தோட ஒப்பந்தம் போட்டிருக்காங்க. நல்லா வரட்டும், நம்ம பசங்களுக்கு வேலை கிடைக்கட்டும்.

அதே ஈகோஸ்போர்ட்லயே ஒரு பாடம் இருக்கு. அமெரிக்காவுக்குப் போன வண்டியில ஒரு லிட்டர் மூணு சிலிண்டர் டர்போ இன்ஜினும் உண்டு. அந்த இன்ஜின்ல ஆயில் பம்ப்பை ஓட்டற பெல்ட் சம்பந்தப்பட்ட பாகம் உடைஞ்சு ஆயில் அழுத்தம் போயிடுதுன்னு, 2023 டிசம்பர்ல ஈகோஸ்போர்ட்டும் ஃபோகஸும் சேர்த்துச் சுமார் 1,40,000 வண்டியை அங்க திரும்பக் கூப்பிட்டாங்க. இதுக்குக் காரணம் மூணாங்கற எண்ணிக்கை இல்ல. ஆயில் பம்ப்புக்குப் போற ஒரு பெல்ட். ஆனா சின்ன இன்ஜின்ல நிறைய வேலை வாங்கப் போனா, ஒரு சின்னப் பாகம் உடைஞ்சா முழு இன்ஜினும் போகும். அங்க சட்டம் கேக்குது, கம்பெனி கூப்பிட்டுச் சரி பண்ணுது. நம்ம ஊர்ல வாரன்டி முடிஞ்ச வண்டிக்காரன் யாரைப் போய்க் கேப்பான்?

வண்டியோட ஆயுளைப் பத்திப் பேசறப்ப இன்ஜினை மட்டும் பேசினா பத்தாது. எங்க கடற்கரைப் பக்கம் வண்டியைக் கொல்றது உப்புக் காத்து. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கோவளம் பக்கம் வெளிய நிக்கற வண்டிக்கு அடிப்பாகம்தான் முதல்ல போகும். ரேடியேட்டர் தகடு பொடிஞ்சு போகும், பிரேக் பைப் துரு ஏறும், பேட்டரி எர்த் வயர் பச்சை புடிக்கும். ரேடியேட்டர் போனா இன்ஜின் சூடாகும், சூடானா ஹெட் கேஸ்கெட் போகும், அப்புறம் எத்தனை சிலிண்டர் இருந்தா என்ன? மாசத்துக்கு ரெண்டு தடவை அடியில நல்ல தண்ணி அடிச்சுக் கழுவுங்க. கூலன்ட் தீந்தா கிணத்துத் தண்ணியை ஊத்தாதீங்க, எங்க பக்கத்துத் தண்ணி உவர்ப்பு. வெள்ளத்துல இன்ஜின் வரைக்கும் தண்ணி ஏறின வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கவே கூடாது. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா கனெக்டிங் ராடு வளையும், இன்ஜினே பாழ். மிக்ஜாம் அப்ப தண்ணி வடிஞ்சதும் சாவியைத் திருப்பினவங்கதான் லட்சக் கணக்குல செலவு பண்ணாங்க.

பெட்ரோலும் மாறிப் போச்சு. இப்ப பங்க்குல கிடைக்கறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. கரும்பு, மக்காச்சோளம் போடறவனுக்கு இதனால நல்ல விலை வந்தா எனக்குச் சந்தோஷம்தான். படாளம் சர்க்கரை ஆலையை நம்பிப் பொழைக்கிற குடும்பங்க எங்க சொந்தத்துலயே உண்டு. ஆனா பழைய வண்டிக்கு மைலேஜ் 3லேர்ந்து 6 சதவீதம் வரை குறையலாம்னு பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்ட்ல சொல்லியிருக்கு. பழைய ரப்பர் குழாய், கேஸ்கெட் சீக்கிரம் மாத்த வேண்டி வரலாம்னும் சொல்லியிருக்கு. கலக்காத பெட்ரோல் வேணும்னா சாதா பங்க்குல வழி கிடையாது. பழைய வண்டி வெச்சிருக்கறவன் தலையில ஒரு சுமை கூடுது, விலை மட்டும் குறையல.

இவ்வளவையும் தாண்டி பதினஞ்சு வருஷம் ஓட்டிட்டோம்னு வைங்க. அப்ப சர்க்கார் என்ன பண்ணுது? ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்லேர்ந்து 5,000. இருபது வருஷம் தாண்டினா 2025 ஆகஸ்ட்லேர்ந்து 10,000. டெல்லியில டீசலுக்குப் பத்து வருஷம், பெட்ரோலுக்குப் பதினஞ்சு வருஷம்னு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் கெடு வெச்சுது, 2018ல உச்ச நீதிமன்றம் உறுதி பண்ணுச்சு. தமிழ்நாட்டுல அது இல்ல. வரவும் கூடாது. புகை விடுதான்னு மிஷின் வெச்சுப் பாருங்க, விட்டா நிறுத்துங்க. நல்லா வெச்சிருக்கற வண்டியை வயசைப் பாத்துத் தள்ளறது எந்த ஊர் நியாயம்? ஒரு வண்டி இருபது வருஷம் ஓடினா அந்த இடத்துல ரெண்டாவது வண்டிக்கு இரும்பு உருக்க வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம். இதையும் சுற்றுச்சூழல் கணக்குல சேக்கணும் இல்லையா?

என்கிட்ட இருக்கறது 2014 மாடல், ஒண்ணரை லிட்டர், நாலு சிலிண்டர் டீசல். பேரைச் சொன்னா விளம்பரம் ஆகிடும், வேண்டாம். 1,90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஹெட் இன்னும் பிரிக்கல. ஊர்ல மூணு பிரசவத்துக்கு அதுலதான் போனாங்க. இதுக்கு ரகசியம் எதுவும் இல்ல. நேரத்துக்கு ஆயில், சுத்தமான ஏர் ஃபில்டர், மூவாயிரம் ஆர்.பி.எம். தாண்டாத கால். அவ்வளவு பாரத்தைத் தாங்கற மாதிரி அந்த இன்ஜினை முதல்லயே செஞ்சிருந்தாங்க.

சரி, என்ன பண்ணணும்னு கேக்கறீங்களா? என் கோரிக்கை நாலுதான்.

ஒண்ணு, 1,200 சி.சி.ங்கற கோட்டை எடுங்க. 4 மீட்டருக்குள்ள இருக்கற பெட்ரோல் வண்டிக்கும் டீசல் மாதிரி 1,500 சி.சி. வரை 18 சதவீதம் போடுங்க. இல்லாட்டி சி.சி.யே வேண்டாம், வண்டி எவ்வளவு எரிபொருள் குடிக்குது, எவ்வளவு புகை விடுதுங்கறதை வெச்சு வரி போடுங்க. பாவம் எதுல இருக்கோ அதுக்குத்தானே தண்டனை?

ரெண்டு, மாநிலத்துல 10 லட்சம் தாண்டினா முழு விலைக்கும் 18 சதவீதம்ங்கறதை மாத்துங்க. தாண்டின பணத்துக்கு மட்டும் கூடுதல் வரி வாங்குங்க. வருமான வரி அப்படித்தானே போடறாங்க.

மூணு, வண்டி விக்கற எந்தக் கம்பெனியும், கடையைக் கட்டிட்டுப் போனாலும், கடைசி வண்டி வித்த நாள்லேர்ந்து பதினஞ்சு வருஷம் உதிரி பாகம் குடுத்தே ஆகணும்னு சட்டம் வேணும். ஆயுள் வரியைப் பதினஞ்சு வருஷத்துக்கு முன்கூட்டியே வாங்கற சர்க்காருக்கு இதைக் கேக்கற கடமை இருக்கு.

நாலு, ஷோரூம்ல வண்டிக் கண்ணாடியில மைலேஜ் ஒட்டற மாதிரி, எத்தனை சிலிண்டர், எத்தனை சி.சி., டர்போ உண்டா, டைமிங் செயினா பெல்ட்டா, பெல்ட்னா எப்ப மாத்தணும், இதையெல்லாம் தமிழ்ல பெரிய எழுத்துல எழுதி ஒட்டணும்.

அதுவரைக்கும் வாங்கப் போறவங்க இதை மனசுல வைங்க. தினம் சின்ன ஓட்டம், வருஷம் பத்தாயிரம் கிலோமீட்டருக்குள்ள, ரெண்டு மூணு பேர்தான்னா வென்யூ, சோனெட், எக்ஸ்டர், ஃப்ரான்க்ஸ்ல வர்ற 1.2 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோல் போதும். ஏசி போட்டு அஞ்சு பேர் ஏறினா இழுவை கொஞ்சம் திணறும், கியர் இறக்கி ஓட்டணும், ஆனா அமைதியா உழைக்கும். நிறைய ஓட்டம், பாரம், வாரம் ஒரு தடவையாவது நெடுஞ்சாலைன்னா ஒண்ணரை லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டர்போ ஆசைன்னா வாங்குங்க, தப்பில்ல. ஆனா ஆயில் மாத்தற தேதியை நாள்காட்டியில குறிச்சு வெச்சு, நாத்து நடவு தேதி மாதிரி தவறாம செய்யுங்க. எதுவா இருந்தாலும் முழு லோடு ஏத்திட்டு ஓட்டிப் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. சேல்ஸ் தம்பி ஒருத்தரை மட்டும் வெச்சு ஓட்டிப் பாத்தா எல்லா வண்டியும் பறக்கும். வீட்டுல இருக்கற நாலு பேரையும் ஏத்திக்கிட்டு, ஏசியைப் போட்டு, செங்கல்பட்டு மேம்பாலத்துல ரெண்டாவது கியர்ல ஏத்திப் பாருங்க. அப்ப தெரியும் இன்ஜின் என்ன சொல்லுதுன்னு.

இதைப் படிக்கிற யாராவது எம்.எல்.ஏ., எம்.பி.க்குத் தெரிஞ்சவங்களா இருந்தா, அந்த 1,200 சி.சி. கோட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேளுங்க. ஓட்டு கேட்டு ஊருக்கு வர்றப்ப அவங்க வர்ற வண்டியில எத்தனை சிலிண்டர்னும் சேர்த்துக் கேளுங்க.

அடுத்த பதிவுல நவரைக்கு எந்த ரகம் போடலாம்னு எழுதறேன்.